விடச் சொல்லும் வரை

பகல் பன்னிரண்டரை மணி. அக்டோபர் மாத வெயில். செம்பூர் தாண்டி, கோவண்டிப் பக்கம், கடற்கழியின் சேற்றில் போய் முடிகிற ஒரு நேரான ரோடு. ஆள் இல்லை... நாய் இல்லை... ஒரு காக்கைகூட இல்லை.

சிரிக்காதீர்கள். பேய் நடுநிசியில்தான் வரும் என்று உங்களுக்கு எவன் சொன்னான்? ராத்திரியில் சுற்றுகிறவை எல்லாம் வேலைவெட்டி இல்லாத பேய்கள். நான் சொல்லப்போவது டியூட்டியில் இருந்த பேய். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒழுங்காகக் கேளுங்கள். அங்கே மூலையில் யார் பீடி பற்றவைப்பது? அணை. நம் அறைப் பஞ்சு ஏன் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினான் என்று சாப்பிடும்போது கேட்டீர்களே, அதற்குப் பதில்தான் இது. அவனுடைய அத்திம்பேருக்கு நடந்தது.

அத்திம்பேர் பெயர் அனந்தகிருஷ்ணன். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷமாகக் குமாஸ்தா. நல்ல கையெழுத்து, நல்ல இங்கிலீஷ், முதுகெலும்பு மட்டும் கிடையாது. ஹெட்கிளார்க்கைக் கேட்காமல் தும்ம மாட்டார். மாதுங்காவில் ஒற்றை அறை. அதில் அவர், அவர் அம்மா, பஞ்சுவின் அக்கா ருக்கு, நான்கு குழந்தைகள். பதினோரு வருஷமாக ருக்கு படுப்பது வாசல் நடையில், அடுத்த அறைக்காரனின் செருப்புக்குப் பக்கத்தில். விடிகாலையில் குழாயடிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. ஒரு தனி வீடு, ஒரு தனிக் குழாய்... அவ்வளவுதான் அவள் கேட்டது. யுத்தம் முடிந்த பம்பாயில் அது யானை வாங்கிக் கொடு என்று கேட்கிற மாதிரி.

அந்த வீட்டைத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். ராவ் சாகிப் கணேசபாண்டியன். பாண்டியபுரி என்ற நகரத்தை நிர்மாணித்த மகான்.

நீங்கள் பாண்டியபுரிக்குப் போனதில்லையே? போகவும் வேண்டாம். நுழைந்ததும் ஒரு வளைவு, அதில் அவர் பெயர். உள்ளே மணிக்கூண்டு. நான்கு முகம், நான்கும் நான்கு மணி காட்டும். அப்புறம் ஒரு நீரூற்று. திறப்பு விழா அன்று ஒரு தரம் தண்ணீர் வந்தது. அதுவும் உள்ளே ஆள் உட்கார்ந்து ஊற்றினான் என்பார்கள். ரோடுகளுக்கு மூத்த சம்சாரத்தின் பெயர், இளைய சம்சாரத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர். கடைசி ரோட்டுக்கு அவருடைய குதிரையின் பெயர். எல்லா ரோடும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். அதில்தான் கிழவருக்குத் தலைகால் புரியாத பெருமை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கங்காணியாக வந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் அந்தச் சேற்று நிலத்தை வாங்கி, தாராவிச் சனங்களை வைத்து மண் அடித்து நகரமாக்கினார். அவர்களில் ஒருவனுக்குக்கூட அங்கே குடிசை போட இடம் கிடையாது.

இந்த வருஷம் நகரத்துக்கு வெள்ளி விழா. தனக்குத் தானே ஒரு சிலை செய்து வைத்துக்கொண்டார். கூடவே ஒரு விழா மலர்: நகரத்தின் சரித்திரம், நகரத்தின் அடையாளங்கள், நிர்மாணித்தவரின் மகிமை. அதை எழுதிக் கொடுத்தால் அனந்தகிருஷ்ணனுக்கு இரண்டு அறை வீடு.

எழுதினார். ஜூலையில் ராவ் சாகிப் 'சக்கரவர்த்தியின் விசுவாசி'யாக இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் புரூஃப் வந்தபோது அதை அடித்துவிட்டு 'தேசபக்தர்' என்று போட்டார். கை கூசவில்லை.

அடையாளங்கள் பகுதி மட்டும் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு போய் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். வளைவு, மணிக்கூண்டு, நீரூற்று. கடைசியில் குதிரை ரோட்டின் கோடி. அங்கே பதினேழாம் எண் எல்லைக்கல். எண் அப்புறம் போட்டது; நகரத்தை அளக்க முதன்முதலில் நட்ட கல் அதுதான் என்று ராவ் சாகிப் சொல்லியிருந்தார்.

உப்புச் சேற்று நாற்றம்... அழுகின மீன் நாற்றம். அப்புறம் அந்தச் சத்தம். கிளிங்... கிளிங்... இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம்.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். தலையில் முண்டாசு. வலது கையை முஷ்டியாக்கிக் கல்லின் தலையில் அழுத்தியிருந்தான். முஷ்டிக்குள் நிலம் அளக்கிற சங்கிலியின் ஒரு முனை. சங்கிலி தரையில் படாமல், விறைப்பாக, ரோட்டோடு ஊருக்குள் ஓடியது. அளக்கிற சங்கிலி நூறு அடிதான் இருக்கும். இது மணிக்கூண்டு வரை தெரிந்தது... அதற்கு மேலும் போயிற்று. அந்த ஆள் மார்பு வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். சுற்றிலும் தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது.

அவன்தான் முதலில் பேசினான்.

"அய்யா... மொதலாளி விடச் சொல்லிட்டாவளா?"

"எதை விட?"

"சங்கிலியத்தான். நான் சொல்லுத வரைக்கும் விடப்புடாதுன்னு சொன்னாவ. சோத்துக்குப் போயிருக்காவ. இன்னும் காங்கல."

விடு. ஒரே ஒரு சொல். வெயிலில் ஒருவன் நின்றுகொண்டு கேட்கிறான்; விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடு அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நம் அத்திம்பேர் என்ன சொன்னார் தெரியுமா? ஆபீசில் பதினான்கு வருஷத்தில் கற்றுக்கொண்ட ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

"அதை நான் எப்படிச் சொல்றது? சாரைக் கேட்டுண்டு வந்து சொல்றேன்."

"சரிங்கய்யா. கேட்டுட்டு வாங்க."

நாலடி நடந்து திரும்பிப் பார்த்தார். ஆள் இல்லை. சங்கிலி இல்லை. கல்லின் தலையில் ஈர முஷ்டி பதிந்த தடம் மட்டும்... அந்த வெயிலிலும் காயாமல் இருந்தது.

பங்களாவுக்கு ஓடினார். ராவ் சாகிப் மதியச் சாப்பாடு முடிந்து ஈஸிசேரில் சாய்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். இவர் விஷயத்தைச் சொன்னார். கிழவர் வாயிலிருந்து குச்சியை எடுத்தார். முகத்தில் பயம் இல்லை. எரிச்சல்தான்.

"இன்னுமா நிக்கான், அந்த இசக்கிப் பய?"

அப்புறம் கொஞ்சமும் கூச்சம் இல்லாமல் சொன்னார். இருபத்திரண்டில் முதல் அளவு எடுத்த நாள். இன்னொரு ஆளுக்குக் கூலி எதற்கு என்று சங்கிலியின் முன் முனையை இவரே பிடித்தார். பின் முனை இசக்கியிடம், கல்லண்டையில். இவருக்குப் பசித்தது. முனையை ஒரு முளையில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டார். தூங்கினார். எழுந்து வந்தபோது கழியில் தண்ணீர் ஏறி, கல் இருந்த இடமே தெரியவில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்தபோது இசக்கி கல்லோடு கிடந்தான். முஷ்டியைப் பிரிக்க முடியாமல் சங்கிலியை வெட்டித்தான் எடுத்தார்கள்.

"தண்ணி வந்தா விட்டுட்டு ஓடியார வேண்டியதுதானவே? எவன் வேண்டாம்னா? கூறுகெட்ட பய. நல்ல சங்கிலி, வீணாப் போச்சு."

அனந்தகிருஷ்ணன் மெதுவாகக் கேட்டார். "இப்போ... விடச் சொல்லலாமா சார்?"

"ஜூபிலி கழியட்டும்வே. இதையெல்லாம் மலர்ல எழுதிராதயும். உமக்கு வீடு வேணும்லா?"

வேண்டும். அன்று ராத்திரியே எழுதி முடித்தார். 'மனிதக் காலடியே பட்டிராத வெற்றுச் சதுப்பு நிலத்தில், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் எழுந்த நகரம்.' இரத்தம் சிந்தவில்லைதான். அவன் தண்ணீரில் போனான்.

மறுநாள் ஆபீசில் டிபன் டப்பாவைத் திறக்கிறார். பன்னிரண்டரை. மேஜைக்கு அடியில் கிளிங்... கிளிங்... தயிர்சாதத்துக்கு மேலே உப்புச் சேற்று நாற்றம்.

"கேட்டியளா அய்யா?"

"ஜூபிலி கழியட்டும்னார்."

"சரிங்கய்யா."

அவ்வளவுதான். மிரட்டவில்லை, கழுத்தைப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் வயிறு எரிகிறது. இருபத்தைந்து வருஷம் நின்றவன் இன்னும் ஐந்து வாரம் நிற்க மறுபேச்சில்லாமல் சம்மதித்தான்.

ஐப்பசியில் சாவி கிடைத்தது. எந்த வீடு என்கிறீர்கள்? வேறு எவனும் குடிவர மாட்டேன் என்ற வீடு. குதிரை ரோட்டில் கடைசி. பதினேழாம் கல் அதன் அடுக்களைச் சுவரை ஒட்டி வெளியே நின்றது. ருக்கு பால் காய்ச்சினாள். குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாளாம். அன்று ராத்திரி காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அழுதாளாம். அவளிடம் இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டை வேண்டாம் என்பாளோ என்று பயம்.

நவம்பரில் விழா நடந்தது. பெரிய மனுஷர்கள் வந்தார்கள். சிலையைத் திறந்தார்கள், சிலைக்காவது கொஞ்சம் முகலட்சணம் இருந்தது. ராவ் சாகிப் மாலையோடு உட்கார்ந்து நாலு லட்டும் ஏழு வடையும் தின்றார். அனந்தகிருஷ்ணன் மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை பேர் நடுவில் கேட்டால் மரியாதையாக இருக்காது, நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டார். ராத்திரியே கிழவர் தூக்கத்தில் போய்விட்டார். வயிறு நிறைந்த சாவு.

மறுநாள் பன்னிரண்டரைக்கு அடுக்களை மூலையில் இசக்கி நின்றான். இவர் மட்டும்தான் வீட்டில்.

"கேட்டியளா அய்யா? ஜூபிலி கழிஞ்சிட்டுல்லா?"

கவனியுங்கள். அறுபத்து நான்கு பக்கம் பொய் எழுதின மனுஷர். 'விடச் சொல்லிட்டார்' என்று இன்னும் ஒரே ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. அவன் போயிருப்பான். அந்தப் பொய் மட்டும் வரவில்லை! மேலே இருக்கிறவர் சொல்லாததைச் சொன்னதாக எப்படிச் சொல்வது என்று தோன்றிற்றாம். இந்த லட்சணத்தில் நேர்மை வேறு. தூ!

"அவர் போயிட்டார்ப்பா. ஒண்ணும் சொல்லாமலே போயிட்டார்."

இசக்கி சங்கிலியைப் பார்த்தான். அது சுவரை ஊடுருவிக்கொண்டு அப்போதும் விறைப்பாகத்தான் ஓடியது.

"இல்லையே அய்யா. அந்தத் தலைப்புல புடிச்சிருக்காவளே. இழுக்குல்லா."

முஷ்டியை இவர் பக்கம் நீட்டினான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"ஒரு நிமிசம் இதப் புடிச்சிக்கிடுங்க. நானே போயிக் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

முடியாது என்று சொல்ல இவருக்கு என்றைக்கு வாய் வந்திருக்கிறது? கையை நீட்டினார். வாங்கிக்கொண்டார்.

கடைக்குப் போயிருந்த ருக்கு திரும்பி வந்தபோது அவர் மூலையில் நின்றார். வலது கை நீட்டி, முஷ்டி இறுகி.

"என்னத்தைப் பிடிச்சுண்டிருக்கேள்? விடுங்கோ!"

"சார் இன்னும் சொல்லல்லே."

அன்றிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார். ருக்குதான் ஊட்டுகிறாள். நின்றபடியே தூங்குகிறார். பஞ்சு போய் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். இடுக்குகளில் துரு ஒட்டியிருந்தது, பிரியவில்லை. டாக்டர் ஊசி போட்டார். தாராவியிலிருந்து ஓதிப் பார்க்கிற நாகூர் கனியை அழைத்துப் போனார்கள். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "இவரைப் பேய் புடிக்கல. இவர்தான் எதையோ புடிச்சிக்கிட்டு நிக்காரு. இதுக்கு ஓத எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போனார். விடு, விடு என்று எல்லோரும் கத்திப் பார்த்தாயிற்று. நீங்கள் போய்க் கத்தினாலும் கேட்க மாட்டார். நீங்கள் யார், அவருக்கு மேலதிகாரியா?

பதினோராம் நாள். பகல் பன்னிரண்டரை. ருக்கு அடுப்புக்கு முன்னால் இருந்தாள். பின்கதவண்டை ஒரு ஆள் வந்து நின்றான். முண்டாசு. வேட்டி மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"அய்யா, மொதலாளியப் பாத்துட்டேன். அளவு இன்னும் முடியலையாம். விடப்புடாதுன்னு சொல்லச் சொன்னாவ."

"சரி சார்" என்றார் அனந்தகிருஷ்ணன். அந்தக் கூலிக்காரனைப் பார்த்து.

ருக்குதான் அலறினாள். "நீ வந்து வாங்கிக்கோடா! இவரை விடச் சொல்லுடா!"

"அத நான் எப்படிம்மா சொல்ல முடியும்?" என்றான் இசக்கி. "நான் சோத்துக்குப் போயிட்டு வாரேன்."

போனவன் வரவில்லை.

குழந்தைகளையும் மாமியாரையும் ருக்கு மாதுங்காவுக்கே அனுப்பிவிட்டாள். அவள் மட்டும் அங்கே அவரோடு இருக்கிறாள். அடுக்களைத் தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஆனால் பன்னிரண்டரை ஆனதும் அவருடைய வேட்டி பாதத்திலிருந்து நனைய ஆரம்பிக்கிறது. உப்புத் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. ஏகாதசிக்கும் திவசத்துக்கும் பஞ்சாங்கம் புரட்டினவள் இப்போது கழியில் தண்ணீர் ஏறுகிற நாளைப் பார்க்கிறாள். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் அதிகம் ஏறுமாம். போன பௌர்ணமிக்கு முழங்கால் வரை வந்தது. அமாவாசைக்கு மார்பு வரை.

நாளைக்குப் பௌர்ணமி.