குண்டுக்குத் தப்பிய செல்லையா

"ஏலே, படு! தலையக் குனி!"

செல்லையாவின் குரல். 1971 டிசம்பர். காலை ஏழேகால். மேற்கு எல்லை, மணல் மேடு. சீழ்க்கை போல ஒரு சத்தம். பிறகு காது அடைத்துவிட்டது. என் வலது கால் முட்டிக்கு மேலே பிய்ந்து கிடக்கிறது. செல்லையா என்னைக் குட்டனும் தாமஸும் கிடக்கும் குழிக்குள் இழுக்கிறான். இரண்டாவது குண்டு. சிதறல் அவன் முதுகில் பாய்கிறது. விழுந்தான். அதன் பிறகு அவன் எழுந்து நிற்கவே இல்லை.

நான் பெருமாட்டி என்ற ஊர்க்காரன். அவன் பீர்மேடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். இருவரும் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எங்கள் பட்டாளக் கம்பெனியில் என்னளவு பாரம் தூக்கியவன் எவனும் இல்லை. இன்று நிற்கும் எட்டு ஏக்கர் தென்னையும் ஒற்றைக் காலோடு நான் வைத்ததுதான். பெருமைதான். சொல்கிறேன்.

ராணுவ ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். அவனுக்கு அக்குளுக்குக் கீழே உணர்வு கிடையாது. ஊசி குத்தினாலும் தெரியாது. கண்ணால் பார்த்தேன். ஊருக்கு அனுப்பும் நாளில் டாக்டர் எங்கள் இருவருக்கும் சொன்னார்: உட்கார்ந்தே இருந்தால் சர்க்கரை வரும், கொழுப்பு ஏறும், இதயம் கெடும். சாப்பாட்டைக் குறை. கையையாவது ஆட்டு. நான் சிரித்தேன். குண்டு கொல்லாதவனைச் சோறா கொல்லும்?

ஊரில் என்னை நடக்க விடவில்லை. பட்டாளத்துக்காரன் வரப்பில் தடுக்கி விழுந்தால் ஊருக்கே தலைக்குனிவாம். தோப்புக்குப் போக வண்டி கட்டினார்கள். வீட்டுக்கு வீடு ஆட்டுக்கால் சூப் வந்தது.

"குடிங்க மாமா. ஆட்டுக்கு நாலு காலுங்க. உங்களுக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போயிருது?" என்பான் மைத்துனன்.

குடித்தேன். நெய், வெல்லம், பாயசம். இரண்டு வருடத்தில் தொடை பருத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டைக்காலின் கிண்ணத்துக்குள் நுழையவில்லை. அதை ஆணியில் மாட்டினேன். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தேன்.

1976. மழை விட்ட ஒரு பகல். ஒரு தூக்கு நிறைய நெய் அதிரசத்தோடு பீர்மேடு போனேன். லயத்து வாசலில் செல்லையா. பெரிய வயிறு. அவனையும் அங்கே தூக்கித் தூக்கியே வைத்திருந்தார்கள்.

"ஏலே ஒத்தக்கால் ராசா! ஒரு காலுக்கு இம்புட்டுத் தொந்தியா?"

"உன்ற தொந்தியப் பாருடா மொதல்ல."

ஆறு அதிரசம் தின்றான். எனக்குச் சந்தோஷம்.

பகல் ஒன்றரை. அவனுக்கு வியர்க்கிறது. தாடை வலிக்கிறது என்கிறான். மூச்சு வாங்குகிறது.

"நெஞ்சு வலிக்குதாடா?"

"வலியே இல்லலே. வாயுதான்."

நம்பினேன். உணர்வில்லாத நெஞ்சில் வலி எப்படித் தெரியும்? ஊசி குத்தியதைப் பார்த்த நான் அல்லவா யோசித்திருக்க வேண்டும்! சுக்கும் கருப்பட்டியும் போட்டு வெந்நீர் வைக்கச் சொன்னேன். வாயு எனக்குத் தெரியாதா என்றேன். அவன் மனைவி மாரியம்மாள் தோட்டத்து நர்ஸைக் கூப்பிடப் புறப்பட்டாள். தடுத்தேன். ஒரு மணி நேரம் போயிற்று.

இரண்டரை. அவள் என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். நர்ஸ் வந்து நாடி பிடித்தாள். கத்தினாள்.

"ஹார்ட்டு! படுக்கப் போடாதீங்க! ஜீப்ப எடுங்க!"

ஜீப் இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். என் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். உதடு நீலம்.

"அதிரசம் நல்லாருந்துச்சுலே," என்றான்.

அடுத்த ஹாரன் அடித்தபோது அவனிடம் மூச்சு இல்லை. மணி இரண்டு ஐம்பது.

ஊர் திரும்பியதும் வண்டியை அவிழ்த்துவிட்டேன். சூப் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு வேளையும் ஊன்றுகோலோடு தோப்பைச் சுற்றினேன். விழுந்தேன். எழுந்தேன். ஏழு மாதத்தில் கட்டைக்கால் மறுபடி பொருந்தியது. அதற்குள் எனக்கு வந்துவிட்ட சர்க்கரை நோய் மட்டும் போகவில்லை.

அன்று குழியில் நான்கு பேர் இருந்தோம். குட்டனும் தாமஸும் அங்கேயே போனார்கள். ஐந்து வருடம் கழித்து அதே குண்டில் செல்லையா போனான். அன்றைய குண்டுகள் கொண்டுபோன கணக்கு: கால் ஒன்று. முதுகெலும்பு ஒன்று. உயிர் மூன்று. என்னால் போனது, அந்த ஒரு மணி நேரம்.