சந்தியாகுக்கு இன்னும் மணி அடிக்கவில்லை

சேதுராமன்: ...அதையே திருப்பித் திருப்பிக் கேட்டா நான் என்னம்மா சொல்றது? பத்திரிகைன்னா கொஞ்சம் மெருகு போடத்தான் செய்வோம்.

அருள்மேரி: கொஞ்சமா? புருசன் பட்டாளத்துக்குப் போறப்ப நெத்தியில வெற்றித் திலகம் வச்சு அனுப்புனேன்னு எழுதியிருக்கிய. நான் வேதக்காரப் பொம்பள, மாதா கோயிலுக்குப் போறவ சார். எங்க வீட்ல குங்குமச் சிமிழே கெடையாது.

சேதுராமன்: எழுதுற வேகத்துல வந்திருச்சு. திலகம் வைக்காம ஒரு வீரனை அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்ல.

அருள்மேரி: நல்ல பழக்கம்தான். அந்தப் படத்துல மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கிறாரே, அவரு யாரு?

சேதுராமன்: ஏன்... உங்க வீட்டுக்காரர் சந்தியாகு இல்லியா?

அருள்மேரி: அவருக்கு மீசையே சரியா மொளைக்காது. எங்க மாமி அந்தப் பேப்பரத் தடவிப் பாத்துட்டு, 'பட்டாளத்துச் சோறு எம் மவன் மூஞ்சியவே மாத்திருச்சே'ன்னு ராவும் பகலும் அழுதாக.

சேதுராமன்: மன்னிச்சுக்கங்க. ஆபீஸ்ல கெடந்த படம். உங்ககிட்ட ஒண்ணு இருந்தாக் குடுங்க. ஞாயித்துக்கெழம கூட்டத்துக்குப் பெருசாப் போட்டு, மாலை சாத்திரலாம்.

அருள்மேரி: மாலையா?

சேதுராமன்: பின்ன? மதுரையிலருந்து எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தேன்னு நெனைக்கிறீங்க? மந்திரி வாராரும்மா. ராம்நாட்டு மைதானம் கொள்ளாது. அன்னைக்குக் காலையில ரயில்ல மண்டபம் வந்திட்டாப் போதும், அங்க ஜீப் நிக்கும். வெள்ளைச் சேலை நாங்களே எடுத்துட்டு வந்திருவோம். நீங்க ஒரு வார்த்தை பேச வேணாம்...

அருள்மேரி: பேசாம?

சேதுராமன்: கழுத்துல கெடக்குறதக் கழட்டி, யுத்த நிதி உண்டியல்ல போட்டாப் போதும்.

அருள்மேரி: தாலியவா சொல்றிய?

சேதுராமன்: நாட்டுக்காக.

அருள்மேரி: சீனாக்காரன் சண்டைதான் கார்த்திகையிலயே நின்னு போச்சுங்கிறாக. இப்ப தை முடியப்போகுது.

சேதுராமன்: நின்னாலும் சனங்க மனசு ஆறிறக் கூடாது. நாளைக்கு மறுபடி வந்தான்னா?

அருள்மேரி: ஊரு மனசு ஆறாம இருக்க நான் தாலியறுக்கணுமா?

சேதுராமன்: அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. இது காணிக்கை மாதிரி...

அருள்மேரி: எனக்கு வந்த தந்தியில 'காணவில்லை'ன்னுதான் இருக்கு. செத்துட்டாருன்னு இல்ல. காணலைன்னா என்னன்னு உங்களவிட எங்களுக்கு நல்லாத் தெரியும் சார். இது கடலுக்குப் போற ஊரு.

சேதுராமன்: அதுக்கில்லம்மா...

அருள்மேரி: இருங்க. சொல்லி முடிச்சிக்கிறேன். எனக்கு ஒம்பது வயசுல எங்க அய்யா பொயல்ல மாட்டிக் காணாமப் போயிட்டாரு. முப்பது நா பாத்தாக. அப்பறம் கோயில்ல சாவு மணி அடிச்சாக. அம்மா தாலியக் கழட்டி மாதா காலடியில வச்சிருச்சு. நாலாம் மாசம் மன்னார்லருந்து தோணியேறி அய்யா வந்து நிக்கிறாரு. அங்கன காய்ச்சல்ல கெடந்திருக்காரு.

சேதுராமன்: அடடா! நல்லதாப் போச்சு.

அருள்மேரி: என்ன நல்லது? மணி அடிச்ச ஆளை எந்த வள்ளத்துலயும் ஏத்த மாட்டாக. ஏத்துனா வலை வெறுசா வருமாம். கூடப் பொறந்த தம்பியே ஏத்தல. சாகுற வரைக்கும் எங்க அய்யா கரையில கருவாடு காயப்போட்டாரு. வள்ளம் எறங்குற நேரம் பாத்து வீட்டுக்குள்ள வந்து படுத்துக்கிருவாரு. எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் மணி அடிக்கல. ஆனா உங்க பேப்பரு வந்ததுலருந்து, விடிகாலை வெள்ளாப்புல வள்ளம் எறக்குறப்ப என்னையக் கரைக்கு வரவேணாங்கிறாக. நான் மேடையேறி இதக் கழட்டுனேன்னா மணி அடிச்ச மாதிரிதான். அந்த மனுசன் திரும்பி வந்து என்ன செய்வாரு? பட்டாளத்த விட்டா அவருக்கு வள்ளந்தான தெரியும்?

சேதுராமன்: திரும்பி வந்து... சரிம்மா, சரி. கடல் வேற, யுத்தம் வேற. வேணும்னா உங்க சாமியார்கிட்ட நாங்களே பேசுறோம். சனிக்கெழம பூசையில மொறையா மணி அடிச்சிரட்டும்.

அருள்மேரி: சாமி அடிக்க மாட்டாரு.

சேதுராமன்: ஏன்?

அருள்மேரி: மாட்டாரு. அம்புட்டுதான். கருப்பட்டிக் காப்பி ஆறிப்போகுது, குடிங்க.

சேதுராமன்: ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. வந்ததுலருந்து பாக்குறேன்... நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடல.

அருள்மேரி: அதையும் உண்டியல்ல போடணுமா?

சேதுராமன்: கேலி பண்ணாதீங்கம்மா. அந்தக் கட்டுரை வந்த மறுநா சாயல்குடிப் பக்கம் என்ன நடந்துச்சு தெரியுமா? காட்டுல களையெடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க மூக்குத்தியக் கழட்டிக் குடுத்தாங்க. ராக்குன்னு ஒரு அம்மா. கூலிக்காரி. காதுல கெடந்த ஒரே தோட்டக் கழட்டி, 'அந்தத் தங்கச்சிமடத்துப் பிள்ள புருசனையே குடுத்துட்டா, இது என்ன'ன்னு சொல்லிக் குடுத்துச்சு. என் கண்ணால பாத்தேன். எனக்கே அழுகை வந்திருச்சு.

அருள்மேரி: அந்த அம்மாகிட்ட பொய் சொல்லியில்ல வாங்கியிருக்கிய?

சேதுராமன்: பொய்யில்ல...

அருள்மேரி: தனியா நின்னு முப்பது பேரச் சுட்டாருன்னு எழுதியிருக்கிய. யாரு எண்ணுனா?

சேதுராமன்: அது மேலருந்து வந்த சேதி.

அருள்மேரி: அவரு அங்கன சமையக்காரரு சார். அண்டா கழுவுற ஆளு.

சேதுராமன்: அப்பிடி எழுதுனா யாரும்மா மூக்குத்தியக் கழட்டுவா? கோவம் வருதுல்ல? வரட்டும். நானும் ஒருத்தருக்குக் கீழ வேலை பாக்குறவன். உங்களைக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நோட்டீஸெல்லாம் அடிச்சாச்சு.

அருள்மேரி: நோட்டீஸுல என் பேரு இருக்கா?

சேதுராமன்: 'வீரத் தியாகியின் மனைவி'ன்னு இருக்கு.

அருள்மேரி: பேரு கூட இல்ல... சரி. வாரேன்.

சேதுராமன்: வாரீங்களா? நெசமாவா?

அருள்மேரி: வாரேன். நீங்க குடுக்குற வெள்ளைச் சேலையவும் கட்டிக்கிறேன். ஆனா ஒண்ணு. என் மூஞ்சியப் பாத்து, 'உன் புருசன் செத்துட்டான்'னு உங்க வாயால சொல்லுங்க.

சேதுராமன்: அது... தந்தியிலதான் காணலைன்னு...

அருள்மேரி: காணலை வேணாம். செத்துட்டான்னு சொல்லுங்க. அம்பதாயிரம் பேருக்கு எழுதுனதுதான. ஒருத்திகிட்டச் சொல்றதுக்கு என்ன?

சேதுராமன்: எழுதுறது வேறம்மா.

அருள்மேரி: உங்களுக்குப் பிள்ளை இருக்கா?

சேதுராமன்: ஒரு பொண்ணு. பூமயில். நாலு வயசு.

அருள்மேரி: அது தலையில அடிச்சுச் சொல்லுங்க. உடனே கெளம்பிருவோம்.

சேதுராமன்: அம்மா... பிள்ளைய எதுக்கு இழுக்குறீங்க?

அருள்மேரி: ஞாயித்துக்கெழம வரைக்கும் வேணாம், இன்னைக்கே உங்ககூட ரயிலேறிக்கிறேன். சொல்லுங்க.

சேதுராமன்: வேற எது மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன். பூமயில் மேல... என்னால ஏலாதும்மா.

அருள்மேரி: ஏலாது. எனக்குத் தெரியும். முந்தாநேத்து சாமி என்னையவும் மாமியையும் கூப்பிட்டு விட்டாரு. செஞ்சிலுவைக்காரங்க மூலமா சாமி பேருக்கு ஒரு கார்டு வந்திருக்கு. எங்க வீட்டுக்காரரு கையெழுத்து. சீனாக்காரன் பிடிச்சு வச்சிருக்கானாம். பனியில கால்வெரலு ரெண்டு போயிருச்சாம். மத்தபடி சொகமாம்.

சேதுராமன்: உங்களுக்கு முன்னயே தெரியுமா? அப்ப இம்புட்டு நேரமும்...

அருள்மேரி: நீங்களாச் சொல்லுவியளான்னு பாத்தேன். கார்டுல இன்னொண்ணும் எழுதியிருக்காரு. 'மார்கழியிலயே வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன், பதிலே இல்ல, மேரி நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டாளா சாமி'ன்னு கேட்டிருக்காரு. அந்த மொதக் கார்டு இந்த வாசலுக்கு வரல சார். எங்க போச்சு?

சேதுராமன்: எங்கயும் போகலம்மா... என் சட்டைப் பையிலதான் இருக்கு. தபால்லயே தடுத்து வச்சுட்டு, கூட்டம் முடிஞ்சப்பறம் உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி மேலருந்து குடுத்துவிட்டாங்க.