தேன்மெழுகு உருக்கிய ஞாயிறு

"எட்டிப் போ! கிட்ட வராத!"

மதியம் மூன்று பன்னிரண்டு. அடுப்பில் பானை வெடிக்கிறது. முதலில் ஒரு 'டப்'. இரண்டு வினாடி அமைதி. பிறகு 'டப் டப்'. அடியில் தண்ணீர் கொதிக்கிறது, மேலே மிதக்கும் தேன்மெழுகு சுவரெங்கும் தெறிக்கிறது. என் முழங்கையில் ஒரு சொட்டு. பானை மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சமையலறைக் கதவருகே என் மனைவி கோமதி. எனக்காகக் கலக்கிய தேநீர் அவள் கையில். என் கத்தலில் தேநீரோடு திரும்பிப் போகிறாள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தப்பிப் பிழைத்தவன் நான்தான். சொல்ல வேண்டியவனும் நான்தான்.

கோமதி சிங்கப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வெள்ளை விளக்குகளின் கீழ் பன்னிரண்டு மணி நேரம். வாரத்தில் ஆறு நாள். விடியுமுன் கம்பெனி பஸ் எல்லைக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் எங்கள் தாமான் குடியிருப்பு முனைக்கு வந்துவிடும். திரும்பி வரும்போது சாப்பிடத்தான் தெம்பு இருக்கும். போன வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒன்று கேட்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது மிகக் குறைவு.

"ஒரே ஒரு சாயங்காலம் லைட் வேணாங்க. டிவி, போன் எதுவும் வேணாம். மெழுகுவத்தி வச்சிட்டு சும்மா உக்காந்து பேசலாம்."

கடை மெழுகுவர்த்தியின் புகை அவளுக்கு ஆகாது. இருமல் வந்துவிடும். தேன்மெழுகு அவ்வளவாகப் புகையாது என்று கேள்விப்பட்டிருந்தேன். பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டத்து நண்பன் ஒருவன், தேன் எடுத்தபின் மிஞ்சிய அடையைப் பை நிறையக் கொடுத்தான். இருபத்திரண்டு வருடமாக மிஷின் பழுது பார்ப்பவன் நான். ஒரு மெழுகுவர்த்தி எனக்கு எம்மாத்திரம்? அந்தத் திமிருக்குத்தான் நன்றாகப் பட்டேன்.

மூன்று நாற்பது. மெழுகில் செத்த தேனீக்களின் கால், இறக்கை. கரண்டியால் அள்ளித் தேநீர் வடிகட்டியில் ஊற்றுகிறேன். வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. மெழுகு வழிந்து தரையில். தோசைக்கரண்டியால் சுரண்டுகிறேன். கால் வழுக்குகிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நண்பனைத் திட்டினேன்.

நான்கு இருபது. மீந்த மெழுகு உயரமான பால்மாவு டின்னில். டின் சுடுதண்ணீரில். திரியை முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்க வேண்டும். இருபது தடவை, முப்பது தடவை. திரிக்குச் சாமி மேடையைத் தேடிப் போனேன். விளக்கேற்றும் நீளப் பஞ்சுத்திரி கட்டுக்கட்டாக இருந்தது. எண்ணெயில் எரிகிற திரி மெழுகில் எரியாதா?

எரியவில்லை. நான்கு செய்தேன். ஒன்றைப் பற்றவைத்தேன். 'புஸ்' என்று எழுந்த சுடர் உருகிய மெழுகிலேயே மூழ்கிச் செத்தது. மற்ற மூன்றும் அதே கதி.

கோமதி மறுபடி கதவருகே வந்தாள். கையில் நூல்கண்டு.

"அது முறுக்கில்லாத பஞ்சுங்க, நிக்காது. பூ கட்டுற நூல் இருக்கு. குடுங்க, நான் பின்னித் தரேன்."

"வேணாம்! சூடு! அங்கேயே நில்லு!"

நூல்கண்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னதுதான் சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஐந்து முப்பது. நூலை ஒற்றையாகப் போட்டேன். மெலிது. இரண்டு வீண். பிறகு மூன்று புரியாகப் பின்னினேன். முன்பின் பின்னியறியாத விரல்கள். பின்னல் அவிழ்ந்து இன்னும் இரண்டு கோணிக்கொண்டன. அவளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

ஆறு முப்பது. மூன்றாவது தடவை வருகிறாள். கதவில் சாய்ந்து நிற்கிறாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ள வராத லா!"

செருப்புச் சத்தம் ஹாலுக்குப் போய் நின்றது.

ஏழு நாற்பது. ஒன்பதாவது மெழுகுவர்த்தி. நேராக நிற்கிறது. பற்றவைக்கிறேன். எரிகிறது. புகை இல்லை. லேசாகத் தேன் வாசம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெயின் சுவிட்சை இறக்கினேன். 'டக்'. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

கோமதி உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். எதிரே எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். மேசையில் தட்டு போட்டு மூடிய சோறு. ஆறிப்போயிருந்தது. விடிகாலை மூன்று நாற்பதுக்கு அவள் எழ வேண்டும். எழுப்ப மனம் வரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தி நன்றாகத்தான் எரிந்தது.

இழந்தவை. பானை ஒன்று. வடிகட்டி ஒன்று. தோசைக்கரண்டி ஒன்று. மெழுகுவர்த்தி எட்டு. முழங்கையில் கொஞ்சம் தோல். கோமதியின் ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அடுத்த ஞாயிறு அவளுக்கு ஓவர்டைம். இந்த ஞாயிறு முழுக்க அவள் வீட்டில்தான் இருந்தாள். நான்தான் கிட்ட வர விடவில்லை.