மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

ஐயா,

உங்கள் விசாரணை அறிக்கையை இரண்டு முறை படித்தேன். நல்ல நடை; வாக்கியங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

எங்கள் காகித ஆலைக்குச் சொந்தமாக இரண்டு ஜெனரேட்டர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றோடு மற்றதை இணைப்பது, ஒரே நுகத்தில் இரண்டு காளைகளைப் பூட்டுவது போன்றது. உயரமும் வேகமும் ஒத்திருந்தால் போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்துவைக்க வேண்டும். பேனலிலுள்ள வட்ட மீட்டரின் முள் மெல்லச் சுழன்று பன்னிரண்டைத் தொடும் கணம் அதுதான். அப்போது இரண்டையும் இணைக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரைப் போட்டால் ஒரு முனகல்கூடக் கேட்காது. காளைகள் எதிரெதிர்க் காலை வைக்கும்போது போட்டால் நுகம் முறியும். அந்தப் பிரேக்கரின் கைப்பிடி முப்பத்தொரு ஆண்டுகள் என் கையில் இருந்தது.

என் மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நானே. கெட்டிக்காரன். ஃபோர்மேன் ஆனதும் முதல் காரியமாக என்னை நாற்காலிக்கு அனுப்பினான்.

"மாமா, உங்க கை நடுங்குது. பிரேக்கர இனிமே நான் போடறேன். நீங்க உக்காந்து லாக் புக் எழுதுங்க."

காளைக் கதையைச் சொன்னேன். ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"மாட்டுக் கதைய விடுங்க மாமா. முள்ளு பன்னெண்டுக்கு வந்தா போடணும், அவ்ளோதான? இதுக்கு எதுக்கு முப்பது வருஷம்?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை தருவது என் கடமை என்று கருதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை நின்றிருந்தது. மீட்டரின் பின்புறம் இரண்டு வயர்களை இடம் மாற்றினேன். இனி இயந்திரங்கள் எதிரெதிர்க் காலை வைக்கும்போதுதான் முள் பன்னிரண்டைக் காட்டும். மீட்டருக்கு மேலே, தனி வயரில், இரண்டு விளக்குகள் உண்டு. இசைவு வந்தால் அணையும், இல்லையேல் எரியும். பொய் சொல்லத் தெரியாதவை. கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை, பத்து மணி.

"லைட்டு எங்க மாமா?"

"துடைக்கக் கழட்டினேன்."

"நல்லாத் தொடைங்க. உங்களுக்கு ஏத்த வேலைதான்."

கைப்பிடியைப் பற்றியவன், என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்த்தான். மாதக்கணக்கில் கேட்காததைக் கேட்டான்.

"போட்டுடவா மாமா?"

"முள்ளு என்ன சொல்லுது?"

"பன்னெண்டு."

"அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்குற?"

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். விளக்குகளைக்கூட அன்று மாலை துடைத்தே வைத்தேன்.

பிரேக்கர் பெட்டியின் இரும்புக் கதவு அவனையும் சேர்த்துக்கொண்டு எதிர்ச்சுவர் வரை சென்றது. லாக் புக்கில் நேரத்தைக் குறித்தேன். பார்த்திருப்பீர்கள், ஓர் எழுத்தும் நடுங்கவில்லை.

இப்போது அந்தப் பிழைக்கு வருகிறேன். 'வயர்கள் கவனக்குறைவால் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன' என்று எழுதியிருக்கிறீர்கள். என் வாழ்நாளில் ஒரு வயரைக்கூடக் கவனக்குறைவாக நான் இணைத்ததில்லை. அவ்விரண்டும் நான் நினைத்த இடத்தில், நினைத்தபடியே, திருகு சற்றும் தளராமல் இருந்தன. அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

தம்பி எப்படிப் போனான் என்று அறிய என் மனைவி உங்கள் அறிக்கைக்காகக் காத்திருக்கிறாள். அதைப் படித்துவிட்டு, தன் கணவனுக்கு வேலை தெரியாது என்று அவள் நினைத்துவிடக் கூடாது.