பெலிசியா போட்ட ப்ராக்ஸி

"நாளைக்கு எனக்கு ஒரு ப்ராக்ஸி போடுடி."

"மறுபடியுமா? உன் பேருக்கு 'ப்ரசென்ட் சார்' சொல்லிச் சொல்லி எம்பேரே மறந்துடும் போல."

"உனக்கு ஒரு நாள் தேவப்படும்ல... அன்னிக்கு நான் போடறேன்."

"கேப்பேன். இப்ப இல்ல. கேக்கறப்ப மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"எங்கம்மா மேல சத்தியம். போதுமா?"

அனுப்பிரியாவும் பெலிசியாவும் கடைசியாகப் பேசிக்கொண்டது இதுதான் என்று ஆரம்பித்தாள் கயல்விழி. எங்கள் தோழி வினோதினியின் கல்யாணத்துக்கு முந்தின இரவு. கடலூர் மண்டபத்து மாடியில் ஒரே ஜமுக்காளத்தில் ஆறு பெண்கள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அனுப்பிரியா, கயலின் சித்தி மகள். சிதம்பரத்தில் பி.பார்ம் படித்தாள். பெலிசியா அவளுடைய விடுதி அறைத்தோழி. ஒருத்தி வகுப்புக்கு மட்டம் போட்டால் மற்றவள் குரல் கொடுப்பாள். பெரும்பாலும் குரல் கொடுத்தது பெலிசியாதான்.

மூன்றாம் வருடம் முடிந்த விடுமுறையில் சிப்காட்டில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் பயிற்சி. நாளுக்கு ஒருத்தி என்று முறை. அன்று அனுவின் முறை. ஆனால் அருள் பிரகாஷ் சென்னையிலிருந்து வந்திருந்தான். பிச்சாவரத்தில் படகு ஏறலாம் என்றான். இரண்டு வருடக் காதல்... எப்படி மறுப்பாள்?

வாயிற்காவலருக்கு முகம் தெரியாது. வெள்ளைக் கோட்டின் பையில் நீல நூலில் தைத்த பெயரைத்தான் பார்ப்பார். பெலிசியா அனுவின் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

காலை பதினொன்று இருபது. ஈரமான மருந்துத் தூளை உலர்த்தும் டிரையர். உள்ளே கரைப்பானின் ஆவி, நகப்பூச்சு அழிக்கிற அதே திரவம். எங்கோ ஒரு பொறி... ஒரே சத்தம். இரும்புக் கதவு பிய்த்துக்கொண்டு வந்து அவளைச் சுவரோடு வைத்து அடித்தது. அப்புறம் தீ.

முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. இறந்தவளின் நெஞ்சோடு ஒட்டியிருந்த துணியில் நீல எழுத்துகள் மட்டும் கருகவில்லை. அனுப்பிரியா.

அதனால் தகவல் அனு வீட்டுக்குத்தான் போனது. அவளுடைய அப்பா பிணவறைத் தரையில் நெற்றியை முட்டி முட்டிக் கிழித்துக்கொண்டார். மாலை நான்கு மணிக்கு அனு தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். தலையில் மல்லிகை.

"எனக்கு ஜுரம், போவல. கோட்டு மாறிப் போயிருக்கும்" என்றாள். எல்லோரும் நம்பினார்கள். பெலிசியாவின் அம்மா புஷ்பமேரி மட்டும் ஒரே கேள்வி கேட்டாள்.

"அன்னிக்கு எம்பொண்ணுக்கு முறையே இல்லியேம்மா. ஏன் போனா?"

"தெரியலம்மா."

கல்லூரி திறந்தது. முதல் நாள் ஞானசேகரன் சார் பெயர் வாசித்தார். அனுப்பிரியா... அவள் வாயைத் திறக்குமுன்னே பக்கத்துக் காலி இடத்திலிருந்து, "ப்ரசென்ட் சார்."

அனுவும் அதையே சொன்னாள். "என்னம்மா, ஒரு பேருக்கு ரெண்டு வாயா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. அனு சிரிக்கவில்லை. அவளுக்கு மட்டும் கருகிய முடியின் நாற்றம் வந்தது. அதோடு, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் தித்திப்பான நெடி. தினமும் இதேதான்.

செப்டம்பரில் ஒரு நாள், ஆய்வகம். அனு கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுடைய இடது கை குழவியைப் பிடுங்கியது. வலது கை மேஜையில் விரிந்து படுத்தது, யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி. டக். டக். டக். நிதானமாக, ஒவ்வொரு விரலாக. எலும்பு நொறுங்கும் சத்தம் அடுத்த மேஜைக்குக் கேட்டது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் அந்த இடது கையை நிறுத்த முடியவில்லை.

பெலிசியா இடக்கைக்காரி.

நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். மகளின் கல்லறைக்கு வரச் சொல்லிப் புஷ்பமேரி போனில் கூப்பிட்டிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு அனு கயலிடம் வந்தாள். "அக்கா, என்னக் கூட்டினு போ. இன்னிக்கு அவுங்க அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடறேன். சொல்லலைனா அவ என்னக் கொன்னுடுவா." அன்றுதான் கயலுக்கு எல்லாம் தெரிந்தது.

இரவு ஏழு பத்து. செம்மங்குப்பம் தாண்டித் தொழிற்சாலை மதிலோரச் சாலை. ஒரு விளக்கு எரிந்தால் மூன்று எரியவில்லை. ஸ்கூட்டர் திணறியது.

"என்னடி, ஜாஸ்தி கனக்குது?" என்றாள் கயல்.

அந்த நெடி... கயலுக்கும் இப்போது வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். அனுவின் முகம். அதன் பின்னால் இன்னொரு தலை. முடியில்லாத தலை.

வண்டி சரிந்தது. கயல் எழுந்து பார்த்தபோது அனு மல்லாந்தபடி தாரில் இழுபட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பின்னல் காற்றில் கயிறு போல விறைத்து நின்றது. அதைப் பிடித்திருந்த கை தெரியவில்லை. பத்தடி... இருபதடி. முதுகுத் துணி கிழிந்து தோலும் கிழிந்தது. மதிலில் தலை மோதியது. இரண்டு முறை. பிறகு பின்னல் சட்டென்று தரையில் விழுந்தது.

"நான் சொல்லிடறேண்டி... சொல்லிடறேன்" என்று அழுதாள் அனு.

கல்லறைத் தோட்டம் கூப்பிடு தூரம்தான். எங்கும் மெழுகுவர்த்தி, சாமந்தி. புஷ்பமேரி ரத்தத்தைப் பார்த்துப் பதறி முந்தானையால் துடைத்தாள். கயல் வண்டி சரிந்ததாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் அனுவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள் புஷ்பமேரி. பிறகு மெதுவாக, "ஒண்ணே ஒண்ணு சொல்லுமா. உனக்குத் தெரியாம இருக்காது. அன்னிக்கு அவ ஏன் போனா?"

அனு வாயைத் திறந்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலம்மா."



அப்போது பங்குத்தந்தை அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். மரியலூர்து... தேவசகாயம்... ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்ன மௌனம். சாமியார் பக்கத்தைத் திருப்பினார்.

"பெலிசியா."

மௌனம். கல்லறை மேல் இருந்த மெழுகுவர்த்திகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. காற்றே இல்லை.

கயலுக்கும் அனுவுக்கும் நடுவில் ஒரு முழ இடம் காலியாக இருந்தது. அங்கிருந்து, புஷ்பமேரிக்கும் கேட்கும்படி, வகுப்பில் பேசுகிற அதே விளையாட்டுக் குரலில்...

"அனு, இன்னிக்கு எனக்கு ஒரு ப்ராக்ஸி போடுடி."