பன்னெண்டாம் நம்பர் மிளகு

— அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசி மகள். இங்கிலீசுல வேணாம், தமிழ்ல சொல்லு. வாப்பாக்கும் விளங்கட்டும்.

— “மாத்தளை டவுன்ல பன்னெண்டு கடையில எடுத்த மிளகுல பதினொண்டு சுத்தம். ஒண்டுல மட்டும் கலப்படத்துக்கு அடையாளம் தெரியுது.” இவ்வளவு தான் வாப்பா. ரெண்டு வருசம் லேப்ல கிடந்து செஞ்சத இருநூத்தம்பது சொல்லுக்குள்ள அடக்கச் சொன்னாங்க. உசுரே போயிட்டு.

— மாஷா அல்லாஹ்! மக்கீன்ட மகள் மாநாட்டுல பேசப் போறாள். பெரிய பெரிய ப்ரொஃபசர்மாரெல்லாம் வருவாங்களா?

— வருவாங்க. ஆனா பேசுறது எங்களப் போல படிக்கிற புள்ளைகள் தான். முதல்ல இந்தச் சுருக்கத்த அவங்க எடுக்கணும் வாப்பா. எடுத்தாத் தான் மேடை.

— எடுப்பாங்க, எடுப்பாங்க. அது சரி, பதினொண்டு சுத்தம் எண்டியே, நல்லாப் பாத்தியா?

— மூணு தரம் பாத்தேன். ஏன் கேக்கிறீங்க?

— சும்மா தான். அப்ப ஆரு அந்த மத்தவன்?

— சொல்ல ஏலாது. கடைக்கெல்லாம் நம்பர் தான் போட்டிருக்கேன். அவங்கவங்கட ரிசல்ட்ட அவங்களுக்கு மட்டும் தான் சொல்லுவேன் எண்டு வாக்குக் குடுத்துத் தான் மிளகே எடுத்தேன்.

— பெத்த வாப்பாக்குமா சொல்ல மாட்டாய்? நம்மட மிளகு ஸ்டோர்ல எடுத்து விக்கிற ஆளா இருந்தா எனக்குத் தெரிய வேணாமா?

— நம்மட ஆக்கள் இல்ல, பயப்படாதீங்க. நம்மகிட்ட எடுக்கிற பதினோரு கடையும் தங்கம்.

— தங்கமா? மெஷினே அப்படிச் சொல்லிச்சா? அல்ஹம்துலில்லாஹ்... பொறு, பொறு. நம்மகிட்ட எடுக்காத கடை ஒண்டு தானே இருக்கு. ஸமத் நானாவா?

— நான் சொல்லல்ல. நீங்களாச் சொன்னது.

— ஸமத் நானாவா! அந்த மனுசன் பல்லேபொலைக்குப் பஸ்ஸேறிப் போய், கொடியில கிடக்கிறதப் பாத்து வாங்குற ஆளு. ஈரம் எண்டா வந்த யாவாரத்தையே திருப்பி அனுப்புவார். அவர்ட மிளகு எப்படி மகள் பிழையாகும்?

— எனக்கும் மனசு கேக்கல்ல. சின்னதுல இருந்து ஸமத் மாமாட கடையில தானே கல்கண்டு வாங்கித் திண்டேன். ஆனா கன்ட்ரோலோட மத்த பதினொண்டும் ஒட்டி வருது, அச்சுல வார்த்த மாதிரி. மாமாட மட்டும் தனியா நிக்குது.

— அதென்ன கன்ட்ரோல்?

— சுத்தம் எண்டு உறுதியாத் தெரிஞ்ச மிளகு. தராசுக்குப் படிக்கல் மாதிரி வெச்சுக்கொள்ளுங்க. அதோட பொருந்தினா நல்லது, பொருந்தாட்டிக் கலப்படம்.

— அந்தப் படிக்கல்ல நீ எங்க எடுத்த?

— வேற எங்க எடுக்க? நம்மட வீட்டுக் குசினியில தான். உம்மாட போத்தல்ல.

— யா அல்லாஹ்.

— ஏன் வாப்பா எழும்பிட்டீங்க?

— ஒண்டுமில்ல. கால் விறைச்சிட்டு. இதுக்கெண்டு வெளிநாட்டுல இருந்து சாமான் எடுப்பிக்கிற இல்லையா மகள்?

— எடுப்பிக்கலாம், அது வர எத்தினை மாசமாகுமோ. எனக்குப் படிப்பிக்கிற சேரும் ரெண்டு தரம் கேட்டார், சுத்தம் எண்டு என்ன நிச்சயம் எண்டு. “எங்க வாப்பா வீட்டுக்குக் கொண்டு வந்த மிளகு சேர், அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” எண்டேன். சிரிச்சிட்டு ஓம் எண்டுட்டார். கீழ நன்றி சொல்லுற இடத்துல நம்ம ஸ்டோர்ட பேரையும் போட்டிருக்கேன். உங்களுக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு தான் இவ்வளவு நேரம் சொல்லாம வெச்சிருந்தேன்.

— இத அனுப்பாத மகள்.

— பகல் லுஹர் தொழுகைக்கு முந்தியே அனுப்பிட்டேனே.

— திருப்பி எடு. இப்பவே எடு.

— விளையாட்டா வாப்பா? கொஞ்சத்துக்கு முந்தி சுருக்கம் எடுக்கிறத அடைச்சிட்டாங்க. இனி சேர் எழுதிக் கேட்டாத் தான் எடுக்கலாம். ஸமத் மாமாவ நினைச்சா சொல்றீங்க? அவர்ட பேரே அதுல இல்ல. வெறும் பன்னெண்டாம் நம்பர் தான்.

— ஸமத் நானாட மிளகுல ஒரு பிழையும் இல்ல.

— மெஷின் பொய் சொல்லுமா?

— மெஷின் என்ன செய்யும், நீ குடுத்தத வெச்சுத் தானே சொல்லும்? உம்மாட போத்தல்ல இருக்கிறது நல்ல மிளகில்ல மகள். அதுல பப்பாசிப் பழக் கொட்டை கிடக்கு. காய வெச்சா ரெண்டும் ஒரே மாதிரித் தான். தம்புள்ளைப் பக்கம் ஒருத்தன் மூட்டை மூட்டையாத் தாறான்.

— கலக்கிறது ஆரு?

— நான் தான். ஸ்டோர்ல, ஆக்கள் எல்லாரும் போன பிறகு. பதினோரு கடைக்கும் அது தான் போகுது. அதனால தான் உனக்கு எல்லாம் ஒட்டி வந்திருக்கு.

— வீட்டுக்குமா?

— வீட்டுக்கெண்டு நல்லது தனியாத் தான் வெச்சிருந்தேன். நோன்போட அது முடிஞ்சிட்டு. நான் இல்லாத நேரம் உம்மா ஸ்டோருக்கு ஆளனுப்பிப் போத்தல நெரப்பிட்டா. வேணாம் எண்டா ஏன் எண்டு கேப்பாளே. வாய மூடிக்கொண்டு நானும் அதையே திண்டேன்.

— ஹஜ்ஜுக்குப் போய் வந்த பிறகுமா வாப்பா இதச் செய்றீங்க?

— அத மட்டும் கேளாத புள்ள. எல்லாக் கடைக்காரனும் விலையக் குறை, குறை எண்டு நெருக்கினான். எப்படிக் குறையுது எண்டு ஒருத்தனும் கேக்கல்ல. ஒரு மூட்டைக்கு ஒரு சுண்டு அளவு கொட்டை எண்டு தான் தொடங்கினேன்.

— சேருக்குப் போன் கோல் எடுக்கிறேன்.

— எடுத்து என்ன சொல்லுவாய்?

— கன்ட்ரோல் பிழை எண்டு சொல்லுவேன்.

— ஏன் பிழை எண்டு கேட்டா? போத்தல்ல தண்ணி பட்டுட்டு எண்டு சொல்லேலாதா?

— அப்ப வேற மிளகு வெச்சுத் திருப்பிச் செய்யச் சொல்லுவார். செஞ்சா பதினோரு கடையும் விழும். அந்தப் பதினொண்டுக்கும் ஆருட மூட்டை போகுது எண்டு டவுனுக்கே தெரியும். செய்யாட்டி ஸமத் மாமா கள்ளன். முன்னுக்குப் போனாக் கடிக்குது, பின்னுக்கு வந்தா உதைக்குது. என்ன வேலை வாப்பா பாத்து வெச்சிருக்கிறீங்க!

— ஒரு கிழமை தா மகள். ஸ்டோர்ல கிடக்கிறத எப்படியாவது அகத்திட்டு...

— ஒரு கிழமையா? மாமாக்கு மெசேஜே போயிட்டு. வாக்குக் குடுத்த மாதிரி எல்லாருக்கும் ரிசல்ட் அனுப்பிட்டேன்.

— ஸமத் நானாக்குமா?

— அவருக்குத் தான் முதல்ல.

— அஸ்ஸலாமு அலைக்கும். ஹாஜியார் வீட்டுல இருக்காரா?

— வாப்பா, மாமாட குரல்.

— பேசாம இரி. வஅலைக்குமுஸ்ஸலாம்! வாங்க ஸமத் நானா, வாங்க. உள்ளுக்கு வாங்க, இரிங்க.

— இரிக்க நேரமில்ல ஹாஜியார், கடை திறந்தபடி கிடக்கு. மகள்ட மெசேஜ் வந்துச்சு. எழுத்துச் சின்னன், எனக்குப் பிடிபடல்ல. பக்கத்துக் கடையில குடுத்து வாசிப்பிச்சேன். பன்னெண்டாம் நம்பர் நான் தானே மகள்?

— பக்கத்துக் கடையிலயா மாமா? உங்களுக்கு மட்டும் எண்டு எழுதிருந்தேனே.

— என்ன செய்ய மகள், அதையும் அவன் சத்தமாத் தான் வாசிச்சான். இப்ப தெரு முழுக்க அதே கதை. கதைக்கட்டும். பிழை எண்டா பிழை தானே.

— இல்ல மாமா, அந்த ரிசல்ட் பிழையா இருக்கலாம். நான் திருப்பி...

— எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க மகள். படிச்ச புள்ள, மூணு தரம் பாத்தேன் எண்டு எழுதிருக்கிறீங்க. என்ட கண்ணு தான் மங்கிட்டு.

— றுக்ஸானா, மாமாக்குத் தேத்தண்ணி ஊத்து.

— ஊத்த ஏலாது. நீங்க மாமாக்குச் சொல்லுங்க வாப்பா. நீங்க தான் சொல்லணும்.

— என்னத்தச் சொல்ல ஹாஜியார்? நீங்களும் வெக்கப்படுறீங்க என்ன, எனக்காக? அந்தப் புள்ளைய ஏசாதீங்க. அது அதுட வேலையச் செஞ்சிருக்கு. நான் தான் இண்டைக்கு ஒரு பாவம் செஞ்சிட்டு வாறேன்.

— நீங்களா? என்ன செஞ்சீங்க நானா?

— பல்லேபொலை சுந்தரம்மா இருக்கே, எத்தினையோ வருசமா அவட கொடியில ஆயிற மிளகு தான் எனக்கு. லுஹர் தொழுதுட்டு வாறேன், மூட்டையோட வாசல்ல நிக்கிறா. நாலு பேருக்கு முன்னால, “என்னத்தக் கலந்தாய்?” எண்டு கேட்டுட்டேன். “எம்புள்ளைங்க மேல சத்தியமா ஒண்ணுமே கலக்கலீங்க மொதலாளி” எண்டு அழுதா. நான் கேக்கல்ல. மூட்டையத் திருப்பித் தூக்கி வெச்சேன். அதத் தலையில சுமந்துகொண்டு, மூக்கச் சிந்திச் சிந்தி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனா.

— ஸமத் நானா, சுந்தரம்மா கலந்திருக்க மாட்டா.

— அப்படித் தான் நானும் நம்பினேன் ஹாஜியார். அவ கலக்கல்ல எண்டா, நானும் கலக்கல்ல எண்டா, பிறகு ஆரு தான் கலந்தது?

— வாப்பா, மாமா கேக்கிறார்.

— அல்லாஹ்வுக்குத் தான் வெளிச்சம் நானா.

— வாப்பா!

— ஓம் மகள், வாப்பா சொல்றது சரி தான். அவனுக்குத் தெரியாதது ஒண்டுமில்ல. அழாதீங்க, உங்கள்ல எனக்குக் கோவமே இல்ல. நான் வந்த விசயம் வேற. கிடந்த மிளகெல்லாத்தையும் ஓடையில கொட்டிட்டேன். கபுருக் குழியில கால வெச்சுக்கொண்டிருக்கிற வயசுல எனக்கு ஹராமான காசு வேணாம். மகள் எழுதிருந்தா, உங்கட வீட்டு மிளகத் தான் படிக்கல்லா வெச்சுப் பாத்தது எண்டு. நாளையில இருந்து எனக்கும் அதே மூட்டையில இருந்து அனுப்புங்க ஹாஜியார்.