முதலுக்கு வரி இல்லை

மதுரங்குளிச் சந்தியில் வரிக்கணக்குப் பார்க்கும் என் கந்தோருக்கு யார் வந்தாலும் முதலில் பிளேன்டீ சொல்லிவிடுவேன், சேர். வரி என்றாலே சனங்களுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

பள்ளிவாசல்துறை முத்தலிபு நானாவும் அப்படித்தான் வந்தார், மனைவி நஃபீஸாவோடு. வள்ளத்தை விற்று இறால் பண்ணைக் கம்பனியொன்றில் போட்டவர். கம்பனி முறிந்து, வழக்கு நடந்து, கடைசியில் இணக்கத்துக்கு வந்து, போட்ட முதலையும் அதற்கு வட்டியையும் கொடுத்தார்கள். இதற்கு வரி உண்டா என்று கேட்டார்.

முதல் திரும்பி வருவது வருமானம் அல்ல. வட்டிக்குத்தான் வரி, அதுவும் சொற்பம். என் தொழிலே இது, எனக்குத் தெரியாதா? ஆனால் முழுத் தொகைக்கும் வரி என்றேன். கணக்குத் தீரும்வரை தொடக் கூடாது, என் பொறுப்பில் இருந்தால் பத்திரம் என்றேன். நம்பி முழுவதையும் என்னிடம் தந்தார். அதே கம்பனியில் என் பணமும் போனது. நான் அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் என்று சொல்லி, இணக்கத்தில் எனக்குச் சல்லிக்காசு தரவில்லை. நியாயத்தை நீங்களே யோசியுங்கள்.

பிறகு நானாவுக்கு இதயக் குழாய் அடைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர மாதங்கள் செல்லும், கொழும்பில் காசு கட்டினால் அடுத்த கிழமையே செய்யலாம் என்றார்களாம். நஃபீஸா கந்தோருக்கு வந்து கதிரை நுனியில் இருந்து, என்னையும் நானா என்றே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒப்பரேசனுக்கு மட்டும் கொஞ்சம் எடுக்க ஏலாதா நானா?"

"எடுத்தா வழக்கு வரும் தங்கச்சி. கட்டில்ல கெடக்கிற மனிசனத் தேடிப் பொலிசு வரும்."

அவர் எழுந்து போய்விட்டார். அந்தக் கிழமைதான் என் மேல்மாடிக்குக் கொங்கிறீட் போட்டோம். இடையில் நிறுத்தக்கூடிய வேலையல்ல அது.

நானா மௌத்தானார். அடக்கத்துக்குத் தூக்கிப்போன சந்தூக்கில் நானும் தோள் கொடுத்தேன். வரிப் பாக்கி வாரிசுக்கும் வரும் என்று சொல்லி, அவர்கள் குடியிருந்த வீடு வளவையும் எழுதி வாங்கினேன். புருஷன் மௌத்தாகி, வெளியே இறங்காமல் இத்தாவில் இருந்த பெண்ணை நான் அலைக்கழிக்கவில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போனேன். திரைக்கு அப்பாலிருந்து கையெழுத்து வைத்துத் தந்தார்.

இத்தா முடிந்ததும் நஃபீஸா, வழக்குப் பேசிய சட்டத்தரணியிடம் போய் விசாரித்திருக்கிறார். உண்மை தெரிந்ததும் பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். அப்படித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

பணத்தை எடுத்தது நான். வளவை எடுத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் மௌத்தை என் தலையில் போடாதீர்கள், சேர். ஆயுளை எழுதுகிறவன் அல்லாஹ். நான் வரியைப் பற்றி மட்டும்தான் பொய் சொன்னேன்.